பாத்திரத் தாளில் ‘இனம்’ என்ற பெட்டி: மாற்றுச் சொல் தேவை

தொகுப்பாளர், கொக்குவில்:

எல்லாருக்கும் வணக்கம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதையாய் ஆடுகிற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் தமிழாக்கும் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. அந்த விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிடலாம். சனசமூக நிலைய வாசிகசாலையில் 10ஆம், 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஆடப் போகினம். ஆட்டக்காரர் தங்கட பாத்திரத்தின் விபரங்களை எழுதுகிற பாத்திரத் தாள் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேணும்.

தொழில், பின்புலம், திறன் மூன்றுக்கும் சொல் முடிவாகிவிட்டது. பாத்திரம் மனிதரா, குள்ளரா, எல்ஃபா (ஐரோப்பியக் கதைகளில் வருகிற மாய மக்கள்) என்று எழுதுகிற பெட்டிக்குத்தான் தலைப்பு இல்லை. பெட்டியின் அகலம் 32 மில்லிமீற்றர். 11 புள்ளி எழுத்தில் அடங்கவேணும். முதலில் ‘இனம்’ என்று போட்டேன். பிறப்புப் பத்திரத்திலும் அதே சொல்தான் இருக்கிறது. அதை இந்தப் பிள்ளைகளிடம் விளையாட்டிலும் கேட்க மனம் வரவில்லை, எடுத்துவிட்டேன். ‘சாதி’, ‘குலம்’ பற்றிக் கதைக்கவே தேவையில்லை. ஆங்கிலத்திலும் நெடுங்காலம் இருந்த ‘ரேஸ்’ (race) என்ற சொல்லை 2024 பதிப்பில் மாற்றி, ‘ஸ்பீசீஸ்’ (species) என்ற உயிரியல் சொல்லை வைத்திருக்கினம். இதே மாதிரியான இன்னோர் ஆட்டமான பாத்ஃபைண்டர் 2019இலேயே ‘மூதாதை வழி’ என்ற பொருளுள்ள சொல்லுக்குப் போய்விட்டது.

உயிரியல் ஆசிரியை, நல்லூர்:

தம்பி, அந்த உயிரியல் சொல்லுக்கு எங்கட பாடநூலில் இருக்கிற தமிழே ‘இனம்’தான். அதுக்கு மேல் படி ‘சாதி’. ஆங்கிலத்தில் ஒன்றை விட்டு மற்றதுக்குப் போகலாம். எங்களுக்கு இரண்டும் ஒரே சொல். தமிழகத்தார் ‘சிற்றினம்’ என்கினம், அதிலும் இனம் போகவில்லை. அதோடு உங்கள் விதிநூலில் மனிதருக்கும் எல்ஃபுக்கும் பிறந்த அரை எல்ஃப் இருக்கிறார். இரண்டு இனம் கலந்து, வம்சம் தழைக்கிற பிள்ளை பிறக்குமென்றால் உயிரியல்படி அவை வேறு வேறு இனம் என்று சொல்லுவதே கடினம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சாவகச்சேரி:

‘திணை’ இருக்க ஏன் அலைகிறீர்கள்? ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே இந்தச் சொல்லோடுதான். திண் என்ற வேரிலிருந்து திண்மை, திண்ணை, உங்கள் பௌதிகத்துத் திணிவு எல்லாம் பிறந்தன என்பது என் துணிபு. ஆகவே திணை என்பது ஓர் உயிர் ஊன்றி நிற்கும் நிலை; நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் குடிப்பிறப்புக்கும் அது பொதுப்பெயர் ஆனது அதனாலேயே. வடசொல் பரவாயில்லை என்றால் ‘கணம்’ உண்டு. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் ‘பதினெண் கணனும்’ வருகிறது. கின்னரர், இயக்கர், விஞ்சையர், உரகர் என்று நிகண்டுகள் பட்டியலே தருகின்றன. வேற்றுநாட்டுக் குள்ளர் எதற்கு?

தொகுப்பாளர்:

ஐயா, எங்கட கதைக்களத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து திணைகளும் பின்புலமாக ஏற்கெனவே இருக்கின்றன. ஒரே தாளில் திணை இரண்டு இடத்தில் வந்தால் குழப்பம். பெடியளுக்குத் திணை என்றதும் திணைக்களம்தான் ஞாபகம் வரும். கணம் பாடநூலில் விலங்குப் பாகுபாட்டுச் சொல். தமிழகத்தில் கணிதத் தொடைக்கும் (set) அதுதான் பெயர்.

அன்பர், மட்டக்களப்பு:

‘குடி’ எப்படி? எங்கட பக்கம் தாய்வழிக் குடி இண்டைக்கும் கோயில் முறைகளில் நடைமுறையில் இருக்கு. சின்னச் சொல், சுத்தத் தமிழ்.

உயிரியல் ஆசிரியை:

மட்டக்களப்பில் அது உறவுச் சொல், அண்ணை. யாழ்ப்பாணத்தில் குடிமை என்றால் யார் யாருக்கு ஊழியம் செய்தது என்ற கதை வரும். வேண்டாம்.

ஆட்ட நடத்துநர், கோண்டாவில்:

சொல்லைத் தேட முன்னம் பெட்டிக்குள் என்ன வருகிறது என்று பார்ப்பம். ஐந்தாம் பதிப்பின் 2014 விதியில் குள்ளருக்கு: உடலுறுதி +2, வேகம் 25 அடி, இருட்பார்வை 60 அடி, நஞ்சை எதிர்க்கிற பகடை உருட்டலில் அனுகூலம், கோடரி சம்மட்டிப் பயிற்சி, கொல்லர், மதுவடிப்பவர், கொத்தனார் கருவிகளில் ஏதாவதொன்றில் பயிற்சி. ஐந்தடிக்கு ஒரு கட்டம் என்பதால் வேகம் 5 கட்டம், பார்வை 12 கட்டம். இங்கே காணி அளவிலும் வீட்டு அளவிலும் அடி பழக்கம், மீற்றருக்கு மாற்றவேண்டாம்.

இந்தப் பட்டியலில் உடம்போடு பிறந்தது எது, பழகி வந்தது எது என்று பிரியுங்கோ. பார்வை, வேகம், நஞ்செதிர்ப்பு உடம்பு. கோடரியும் கொல்லுப்பட்டறையும் பழக்கம். அவற்றைப் பின்புலத்துக்கு நகர்த்துங்கோ. திறன் கூட்டலையும் அப்படியே: 2024இல் அதுவும் பின்புலத்துக்குத்தான் போனது, ஒன்றுக்கு +2 இன்னொன்றுக்கு +1, அல்லது மூன்றுக்கும் +1.

பிரிக்காவிட்டால் எங்கட ஊரில்தான் பெரிய பிழை வரும். குள்ளருக்கு மலை வேணும். குடாநாட்டில் மலை இல்லை, சுண்ணக்கல் இருக்கிறது. நிலத்தடிக் குகையில் வைத்தால் இருட்பார்வைக்குக் காரணமும் கிடைக்கும். இதுவரை சரி. அடுத்த வரைவில் ‘களப்பில் மீன்பிடிக்கிற குறுமக்கள்’, ‘பனை ஏறுகிற எல்ஃப்’ என்று இருந்தது. அது கற்பனை உயிர் இல்லை, பக்கத்து ஊரில் இருக்கிற சனம். அவைக்கு ‘பிறப்பிலேயே இலாவகம் +2’ என்று எழுதினால், பிறப்பால் தொழில் என்பதை விதியாகவே எழுதிவைத்ததாகும். நாகர், இயக்கர் என்ற பெயரையும் எடுக்கவேண்டாம், ஐயா. இலங்கையின் ஆதிக்குடிகள் யார் என்ற வாதத்தில் இன்றும் அந்தப் பெயர்கள் அடிபடுகின்றன. டிராகன் வழியினருக்கு ‘யாளியர்’ என்று வைக்கலாம். கோயில் தூணில் பார்த்த உருவம், ஆருடைய பரம்பரையும் இல்லை.

தமிழ் ஆசிரியை, வட்டுக்கோட்டை:

கோண்டாவில் தம்பி சொன்னதைத்தான் வள்ளுவர் சொல்கிறார்: ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்.’ இரண்டு பெட்டிக்கும் சொல் அந்தக் குறளுக்குள் இருக்கிறது. ஒன்று பிறப்பு, மற்றது தொழில். எழுபிறப்பு என்ற வழக்கில் தேவரும் விலங்கும் பறவையும் ஊர்வனவும் அடங்கும். ‘யாளிப் பிறப்பு’, ‘குகையர் பிறப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு எவ்வளவு இயல்பாக வருகிறது.

தொகுப்பாளர்:

ரீச்சர், எனக்கும் இது மனசுக்குப் பிடித்தது. ஆனால் மாதிரித் தாளை ஆறு பிள்ளைகளிடம் கொடுத்தால் நாலு பேர் அந்தப் பெட்டியில் பிறந்த திகதியை எழுதினம். விளக்கக் குறிப்புப் போட 32 மில்லிமீற்றரில் இடமில்லை. ‘உயிர்வகை’ என்றால்? ஆருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘வகை’ கடைச்சாமான் பட்டியலுக்குரிய சொல். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அந்த மாணவர் அறியாத சொற்களைப் படித்தே அறிந்தார்கள். பிள்ளைகளுக்குப் புதுச்சொல் பாரம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது.

இன்னொரு கேள்வி. யாளியர் ‘வந்தார்’ என்று எழுதுவீர்களா, ‘வந்தது’ என்றா?

தமிழ் ஆசிரியை:

மக்கள், தேவர், நரகர் மூவரையும் நன்னூல் உயர்திணையில் வைக்கிறது. பேசி, நினைந்து, முடிவெடுக்கும் எதுவும் ‘வந்தார்’தான். ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரத்துக்கு அஃறிணை முடிவு கொடுக்கக் கூடாது.

ஆட்ட நடத்துநர்:

அப்ப கோப்ளின் என்ற குட்டிப் பூதம்? ஒரே உயிர் ஆட்டக்காரர் கையில் ‘வந்தான்’, எதிரிப் பட்டியலில் ‘வந்தது’ என்று இருக்கமுடியாது. எதிரிப் பட்டியலிலும் உயர்திணை முடிவே போடவேணும். அதில 60 பக்கம் திருத்தம் இருக்கு, வெள்ளிக்கு முன்னம் ஆர் பார்க்கிறது?

தொகுப்பாளர்:

நான் பார்க்கிறேன், தமிழ் ரீச்சரும் கைகொடுக்கிறா. பெட்டிக்கு வந்த வாக்கு: உயிர்வகை 7, பிறப்பு 4, திணை 1. இரவு பதினொரு மணியாகிறது, ‘உயிர்வகை’ என்றே அனுப்புகிறேன். சொல்லடைவில் ‘பிறப்பு’ என்பதையும் பக்கத்தில் தருகிறேன்.

தமிழ் ஆசிரியை:

அனுப்புங்கோ. ஆனால் இரும்பால் செய்த பொம்மை வீரரை மூன்றாம் அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறீர்கள், அவருக்கு உயிரே இல்லை. தன் தாளில் அந்தப் பெட்டியில் அவர் என்ன எழுதுவார்? செய்யப்பட்டதுக்கும் ஒரு பிறப்பு உண்டு. இரண்டாம் பதிப்புக்கு என் வாக்கை அப்படியே வைத்திருங்கள்.