புதுப்பிப்பு: ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள், லினக்ஸில் ‘பிழை -6’ தீர்ந்தது

கணினியில் ரேடியோ அலைகளைப் பிடிக்க உதவும் சிறு யுஎஸ்பி கருவிதான் இந்த டாங்கிள். சுங்கை சிப்புட் தோட்ட வீட்டில் அதைச் செருகி, சோதனை நிரலான ‘ஆர்டிஎல்_டெஸ்ட்’ ஓட்டினால் ‘பிழை -6’ வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், டாங்கிளை டிவி கருவி என்று எடுத்துக்கொண்டு ‘டிவிபி_யுஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யு’ என்ற மாட்யூலை (கருவியை இயக்கும் நிரல்) ஏற்றிவிடுகிறது. அது பிடித்திருக்கும்வரை வேறு நிரலுக்கு டாங்கிள் கிடைக்காது. ‘மோட்ப்ரோப்.டி’ கோப்புறையில் ஒரு கான்ஃப் கோப்பு (அமைப்புக் கோப்பு) திறந்து, ‘பிளாக்லிஸ்ட்’ என்று எழுதி, பக்கத்தில் அந்த மாட்யூலின் பெயரைப் போடுங்கள். கழற்றி மாட்டினால் போதாது, மாட்யூல் நினைவகத்திலேயே இருக்கும்; ரீபூட் செய்யுங்கள்.

இப்போது மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் கேட்கிறது. தகரக் கூரைக்கு அடியில் மட்டும் ஒரே இரைச்சல். ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே வையுங்கள்; 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கம்பி நீளம் சுமார் 75 செ.மீ. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) உச்சத்துக்கு ஏற்றாதீர்கள், இல்லாத இடத்திலும் பொய் நிலையங்கள் முளைக்கும்.