ஆற்றுத் திருவிழா படம் வரைய உதவி வேண்டும்

கடலூர்க்காரர்களே, ஒரு சின்ன உதவி. பொங்கல் வாழ்த்து அட்டைக்குப் படம் வரைகிறேன், பானையும் கரும்பும் எல்லாரும் வரைவதுதான், அதனால் தை 5ஆம் தேதி நம் தென்பெண்ணையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவையே வரையலாம் என்று உட்கார்ந்தேன். ஆற்று மணலில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்பதும், மண் ஒட்டிய சுருளிக்கிழங்குக் குவியலும் வரைந்தாச்சு (உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது என்று என் பெண் சிரிக்கிறாள், அது வேறு கதை). அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் உற்சவர்களை எதில் கொண்டுவந்தார்கள், மாட்டு வண்டியிலா, தோளிலா? எனக்கு நினைவிருப்பது டிராக்டர் மட்டும்தான். பழைய போட்டோ இருந்தால் மொபைலில் எடுத்து இங்கேயே போடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், மார்கழி பிறப்பதற்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.