மும்பை செம்பூர் வீட்டுக் குழுவில் யாழினியின் கம்ப்யூட்டர்

யாழினி: கல்யாண போட்டோக்களைத் திருத்த வாங்கப்போகிற கம்ப்யூட்டருக்கு லேமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் கொட்டேஷன் வாங்கிவிட்டேன். 1 லட்சத்துக்குள் அசெம்பிள் செய்து தருகிறாராம். பெரிய ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 24 இன்ச் மானிட்டர். பார்த்துச் சொல்லு கார்த்தி அண்ணா, நாளைக்கே அட்வான்ஸ் கேட்கிறார்.

கார்த்தி: பொறு, கொடுக்காதே. இது கேம் விளையாடுகிறவர்களுக்குப் போடுகிற கணக்கு, பாதிப் பணம் கார்டுக்கே போகிறது. மானிட்டர் திரை என்ன வகைப் பேனல்?

யாழினி: அது எழுதவில்லை. 165 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருக்கிறது.

ரவி சித்தப்பா: 165 இருந்தால் நல்லதுதானே?

கார்த்தி: அது திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்கிற கணக்கு, அசைவுக்குத்தான் உதவும் சித்தப்பா. போட்டோவுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. யாழினி, நீ முகத்தின் நிறத்தைத் திருத்துவது மானிட்டரில் தெரிவதை நம்பித்தான், அதனால் பணத்தை முதலில் அங்கே போடு. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி என்கிற பொதுவான நிற வரம்பில் கிட்டத்தட்ட 100 சதவீதம், 27 இன்ச், 2560 × 1440 பிக்சல். 27 இன்ச்சில் ஃபுல் ஹெச்டி (1920 × 1080) தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதே. அதில் இன்ச்சுக்கு 82 பிக்சல்தான், இதில் 109.

யாழினி: அதைவிட அதிக நிறம் காட்டுகிற அடோபி ஆர்ஜிபி மானிட்டர்தான் வேண்டும் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னாரே?

கார்த்தி: ஆல்பம் அச்சடிக்கிற லேப் என்ன ஃபைல் கேட்கிறது?

யாழினி: எஸ்ஆர்ஜிபி ஜேபெக்.

கார்த்தி: அப்போ தேவையே இல்லை. மிச்சமாகிற பணத்தில் ஒரு காலிப்ரேட்டர் வாங்கு. திரைமேல் வைத்தால் நிறத்தை அளந்து, அதைச் சரிசெய்கிற ப்ரொஃபைல் போட்டுக் கொடுக்கும். வெள்ளையின் சாயலை 6500 கெல்வினில் வை, வெளிச்ச அளவு 120 நிட்ஸுக்கு மேல் வேண்டாம். புது மானிட்டர் பெரும்பாலும் கண் கூசுகிற வெளிச்சத்தில்தான் வரும், அதில் சரியாகத் தெரிகிற போட்டோ பிரிண்டில் இருட்டாகிவிடும்.

யாழினி: போன ஆல்பத்தில் பட்டுப்புடவையெல்லாம் கருத்துப்போய் வந்ததே, அதுவும் இதனால்தானா?

கார்த்தி: பெரும்பாலும் இதுதான்.

கலா சித்தி: மேஜையை ஜன்னலுக்கு எதிரே போடலாம் என்று இருந்தேன், காற்று வரும்.

கார்த்தி: வெயில் திரையில் விழும் சித்தி. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். மானிட்டருக்குப் பின்னால் அந்த மஞ்சள் சுவரும் வேண்டாம், கண் அந்த மஞ்சளுக்குப் பழகிவிட்டால் போட்டோவில் நீலம் கூடுதலாகத் தெரியும்.

அடுத்தது ரேம். 24 மெகாபிக்சல் போட்டோவை ஃபோட்டோஷாப்பில் 16 பிட்டில் திறந்தால் ஒரு லேயருக்கே, அதாவது ஒரு அடுக்குக்கே, 144 எம்பி. பத்து லேயர் போட்டால் 1.4 ஜிபி, அப்புறம் செய்த திருத்தங்களின் ஹிஸ்டரி, பின்னால் போட்டோக்களை அடுக்கித் திருத்துகிற லைட்ரூம், குரோம் எல்லாம் சேர்ந்தால் 16 ஜிபி மூச்சு வாங்கும். 32 கேள், 16 ஆக இரண்டு ஸ்டிக், நாலு ஸ்லாட் உள்ள போர்டு. நாளைக்கு 64 ஆக்கிக்கொள்ளலாம்.

யாழினி: அப்போ கார்டே வேண்டாமா?

கார்த்தி: உனக்கு வேண்டும். மண்டபத்தில் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ 6400இல் எடுக்கிறாய், போட்டோவில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். அதை நீக்க லைட்ரூமில் 2023இல் வந்த ஏஐ டிநாய்ஸுக்கு கிராபிக்ஸ் கார்டுதான் உழைக்கிறது, கார்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு போட்டோவுக்கும் காத்துக் கிடப்பாய். ஆனால் 8 ஜிபி மெமரியோடு நடுத்தரக் கார்டு போதும்.

ரவி சித்தப்பா: லேப்டாப் என்றால் இடம் மிச்சம்.

கார்த்தி: அதே பணத்துக்கு இந்த மானிட்டர் கிடைக்காது சித்தப்பா. பின்னால் ரேமோ டிஸ்க்கோ கூட்டுவதும் சிரமம்.

யாழினி: டிஸ்க்?

கார்த்தி: 1 டிபி என்விஎம்இ, அது வேகமான எஸ்எஸ்டி டிஸ்க். விண்டோஸ், லைட்ரூமின் போட்டோ பட்டியலான கேட்டலாக், ப்ரிவியூ, கையில் இருக்கிற கல்யாணம் எல்லாம் அதில். முடிந்த வேலை பெரிய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். அது தவிர வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி, அதுவும் வேறு வீட்டில். யாருடைய தாலி கட்டும் போட்டோவையும் திரும்ப எடுக்க முடியாது, இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

பெரியப்பா: மாட்டுங்கா வீட்டு பீரோவில் வைக்கலாம் அம்மா. மாதம் ஒருமுறை வந்து மாற்றிக்கொள்.

கலா சித்தி: மழைக்காலத்தில் பீரோவுக்குள்ளேயே ஈரம் ஏறுகிறதே.

கார்த்தி: மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள் பெரியப்பா.

யாழினி: ஞாயிற்றுக்கிழமை போய் மறுபடி பேசலாமா?

கார்த்தி: ஞாயிறு பெரும்பாலான கடை மூடியிருக்கும். சனிக்கிழமை 11 மணிக்கு கிராண்ட் ரோடு ஸ்டேஷன் கிழக்குப் பக்கம் வா. மானிட்டரைக் கடையிலேயே ஓட்டி, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையாகப் போட்டு, எரியாத டெட் பிக்சல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் எழுதி வாங்க வேண்டும், வாரன்ட்டிக்கு அதைத்தான் கேட்பார்கள்.