'மஸ்ட் நாட்' என்றால் 'வேண்டியதில்லை' என்று பொருளாகாதா?

கேள்வி:
வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் பணிபுரிகிறேன். சரக்கைச் சரிபார்க்கச் சனிக்கிழமை வரவிருந்த வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும் என்பதால் அவர் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை என்று சொல்ல நினைத்து, 'யூ மஸ்ட் நாட் கம் ஆன் சாட்டர்டே' என்று மின்னஞ்சல் எழுதினேன். அவரோ மனம் வருந்தி, தம்மால் ஏதேனும் தவறு நேர்ந்ததா என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறார். 'மஸ்ட்' என்றால் 'வேண்டும்' என்றுதான் பள்ளியில் படித்தேன். அத்துடன் 'நாட்' சேர்ந்தால் 'வேண்டாம்' என்றுதானே பொருள் வர வேண்டும்?

மறுமொழி 1:
நண்பரே, நீங்கள் எழுதியதற்கு 'சனிக்கிழமை நீங்கள் வரவே கூடாது' என்பது பொருள். 'வர வேண்டும்' என்பதை நாம் இரண்டு விதமாக மறுக்கிறோம்: தடுப்பதற்கு 'வரக் கூடாது', கட்டாயம் இல்லை என்பதற்கு 'வர வேண்டியதில்லை'. முன்னது 'மஸ்ட் நாட்'. பின்னது 'டோன்ட் ஹேவ் டு'. குழப்பத்துக்குக் காரணம் 'வர வேண்டாம்' என்னும் தொடர்தான் என்பது என் எண்ணம், ஏனெனில் அது சொல்லும் தொனியைப் பொறுத்துச் சலுகையாகவும் ஒலிக்கும், தடையாகவும் ஒலிக்கும். எழுதுவதற்கு முன் 'வேண்டாம்' என்பதை மனத்தில் 'கூடாது' என்றோ 'வேண்டியதில்லை' என்றோ மாற்றிப் பாருங்கள்; எது பொருந்துகிறதோ அதற்குரிய ஆங்கிலத் தொடரை எழுதுங்கள்.

ஒப்பந்தங்களில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. இணையத் தொழில்நுட்ப ஆவணங்களுக்காக 1997இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்னும் வழிகாட்டி ஆவணம் இச்சொற்களுக்கு வரையறையே தந்திருக்கிறது: 'மஸ்ட்', 'ஷல்' இரண்டும் கட்டாயம், 'மஸ்ட் நாட்' முழுத் தடை, 'ஷுட்' தக்க காரணம் இருந்தால் விலக்கு பெறக்கூடிய பரிந்துரை, 'மே' விருப்பம்.

மறுமொழி 2:
கடந்த காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் என் மாணவர்கள் அதிகம் தவறுவது அங்கேதான். 'அவர் போயிருக்க வேண்டும்' என்னும் ஒரே வாக்கியத்தைப் பாருங்கள். வாசலில் வண்டி இல்லாததைக் கண்டு அப்படிச் சொன்னால் அது ஊகம்: 'ஹீ மஸ்ட் ஹேவ் கான்'. நேற்றே போக வேண்டியவர் போகாமல் இருந்துவிட்டார் என்று குறைப்பட்டுச் சொன்னால் 'ஹீ ஷுட் ஹேவ் கான்'. தமிழில் அடுத்த வாக்கியம் வந்து பொருளைத் தெளிவாக்கும் வரை நாம் காத்திருக்கலாம். ஆங்கிலத்தில் முதல் சொல்லிலேயே முடிவெடுத்தாக வேண்டும். கட்டாயத்தின் பேரில் போனதைச் சொல்ல, அதாவது 'போக வேண்டியிருந்தது' என்பதற்கு, 'ஹேட் டு கோ' என்பதே சரி.

'முடிந்தது' என்பதும் இப்படித்தான். சிறு வயதில் நீந்த முடிந்தது என்னும் பொதுத் திறமைக்குக் 'குட்' (could) பொருந்தும். நேற்றிரவு ஓடிப்போய்க் கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடிந்தது என்னும் ஒற்றை நிகழ்வுக்கு 'வாஸ் ஏபிள் டு' என்றே எழுத வேண்டும். பிடிக்க முடியவில்லை என்றால் மட்டும் 'குட் நாட்' தாராளமாக வரும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதப்போகிறேன். 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்று எழுதினால் மரியாதைக் குறைவாகத் தோன்றுமா?

மறுமொழி 1:
தோன்றாது, ஆனால் இன்னும் இதமாகச் சொல்ல வழியுண்டு. வேலை வெள்ளிக்கிழமையே முடிகிறது என்னும் காரணத்தை முதலில் எழுதிவிட்டு, அடுத்து 'யூ வோன்ட் நீட் டு கம் ஆன் சாட்டர்டே' என்று எழுதுங்கள். காரணம் முன்னால் வந்துவிடுவதால், உங்கள் அக்கறை அவருக்குப் புரியும். 'யூ நீட் நாட் கம்' என்பதும் சரியே, சற்றுப் பழைய நடை. அதில் 'நாட்' என்பதற்குப் பின் 'டு' சேர்த்துவிடாதீர்கள்.