ரிம், மில்டு எட்ஜ், ஸ்வெட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். கினி, சாவரின் என்ற பழைய ஆங்கிலேயத் தங்கக் காசுகள் பற்றிய கட்டுரைகளில் ரிம், எட்ஜ் இரண்டையுமே "விளிம்பு" என்று எழுதிவருகிறோம். எட்ஜ் என்பது காசை நிறுத்திவைத்தால் மேசையில் படும் மூன்றாம் பக்கம். ரிம், முகப்பைச் சுற்றி எழும்பிய வட்டம். அடுக்கும்போது அரசர் தலை தேயாமல் காப்பது. எட்ஜுக்கு விளிம்பு இருக்கட்டும். ரிம்முக்கு "வரப்பு" எனலாமா? வயலைச் சுற்றி உயர்ந்து நிற்பதும் அதுதானே. மில்டு எட்ஜுக்கு, அதாவது நெருக்கமான கோடுகள் வெட்டிய விளிம்புக்கு, "வரிவிளிம்பு".

மறுமொழி:
வரப்பு அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம். "வரி" வேண்டாம் ஐயா. காசு பற்றிய கட்டுரையில் அரசுக்குக் கட்டும் வரிதான் முதலில் நினைவுக்கு வரும். "கீற்று விளிம்பு" எனலாம். மில்டு காயினை "அரைத்த காசு" என்பதும் தவறு. 1662 முதல் லண்டன் அக்கசாலையில் (காசு அச்சிடும் கூடத்தில்) சம்மட்டியைக் கைவிட்டு, குதிரைகள் சுற்றும் உருளைகளில் தகடு இழுத்து, திருகு அழுத்தியில் அச்சிட்டார்கள். மில் என்ற பெயர் அந்தப் பொறிகளால் வந்தது. அதனால் "பொறிக்காசு", பழையது "சம்மட்டிக் காசு". 1663இன் கினி (22 காரட், சுமார் 8.4 கிராம்) பொறிக்காசு.

கீற்று போடும் முறையும் மாறியது. பிரான்சின் காஸ்டேங் பொறியில், கீற்று வெட்டிய இரண்டு எஃகுச் சட்டங்களுக்கிடையே இன்னும் அச்சிடாத காசு வில்லையை உருட்டுவார்கள். ஒரு சட்டம் அசையாது, மற்றது பல்சக்கரத்தால் நகரும். முகப்பு அச்சு அதற்குப் பிறகுதான். 1817இன் சாவரினில் (7.988 கிராம்) கீற்றுள்ள வளையத்துக்குள் வில்லையை வைத்து அடித்தார்கள்; தங்கம் பிதுங்கி வளையத்தை முட்ட, மூன்று பக்கமும் ஒரே அடியில் பதிந்தன. இந்தக் காலருக்குக் "கட்டுவளையம்".

மறுமொழி:
காசின் ஓரத்தை வெட்டித் தங்கத்தைத் திருடும் கிளிப்பிங் "விளிம்பு நறுக்கல்" ஆகட்டும். சம்மட்டிக் காசின் வட்டம் ஒழுங்காக இராது, நறுக்கினாலும் தெரியாது. கீற்று வந்தபின் நறுக்கிய இடம் மொட்டையாகக் காட்டிக்கொடுத்தது.

நம் கலைச்சொல் பட்டியலில் ஸ்வெட்டிங்குக்கு உள்ள "வியர்த்தல்" கட்டாயம் மாற வேண்டும். தங்கக் காசுகளைத் தோல் பையில் போட்டு நெடுநேரம் உலுக்கி, பையை எரித்துச் சாம்பலிலிருந்து பொடியைப் பிரித்தெடுக்கும் திருட்டு அது. கீற்று இதைத் தடுக்காது. எல்லாப் பக்கமும் சீராகக் குறைவதால் கைமாறித் தேய்ந்த காசு போலவே இருக்கும், தராசில்தான் பிடிபடும். பிரிட்டனின் 1870 நாணயச் சட்டப்படி 122.5 கிரெயினுக்கு (சுமார் 7.94 கிராம்) கீழே போன சாவரின் செல்லாது. "பை உலுக்கல்" என்பது என் முன்மொழிவு. "தேய்மானம்" இயல்பான தேய்வுக்கு மட்டும் இருக்க வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது.

மறுமொழி:
அனைத்தும் ஏற்பு. ஒன்று விட்டுப்போனது: ஐந்து கினிக் காசின் தடித்த விளிம்பில் கீற்றுக்குப் பதில் "டெகஸ் எட் டூட்டாமென்", அதாவது "அணியும் அரணும்" என்ற லத்தீன் வாசகம் உண்டு. அதற்கு "எழுத்து விளிம்பு".