கோடையில் குதிரையை மொய்க்கும் ஈ: அவரவர் பார்த்தது, பட்டது

பல்லடம் பக்கத்திலிருந்து

என்னிடம் இருப்பது ஒரு கத்தியவாரிப் பெண் குதிரையும் அதன் குட்டியும். பங்குனி பிறந்தால் போதும், லாயத்தில் தரையை உதைக்கிற சத்தம் ஓயாது. "ஈக்கு எந்த மருந்து நல்லது?" என்று பலர் கேட்கிறார்கள். மருந்து கிடக்கட்டும், ஈ குதிரையின் எந்த இடத்தில் உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். எல்லாம் ஒரே ஈ இல்லை.

கண்ணோரத்திலும் உதட்டிலும் மொய்ப்பது நம் வீட்டு ஈ. அது கடிக்காது, கண்ணீரையும் எச்சிலையும் நக்க வருகிறது. முழங்காலுக்குக் கீழே உட்காருவது வேறு ஆள். தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டு ஈ போலவே இருக்கும். குனிந்து கிட்டே பார்த்தால், வாயிலிருந்து கருப்பாக ஓர் ஊசி முன்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். இதுதான் லாய ஈ. ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிக்கும். குடித்ததும் பக்கத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு செரிக்கிற வரை அசையாது. அதனால் காலில் நாலு தெரிந்தால் சுவரில் நாற்பது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரை காலை உதைப்பது இதன் கடி தாங்காமல்தான். உதைத்து உதைத்து லாடம் ஆட்டம் கண்டு, குளம்பின் ஓரம் பிளந்துவிடும். ஈயால் வரும் செலவில் பாதி லாடம் அடிப்பவருக்குத்தான் போகிறது.

சரி, இது எங்கே பெருகுகிறது? பலரும் குப்பைமேட்டைக் காட்டுவார்கள். எங்கள் லாயத்தில் நான் பார்த்தவரை, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் குதிரை மூத்திரம் பெய்யும் மூலையிலும் ஊறிக் கிடக்கும் பழைய வைக்கோலில்தான் புழு நெளிகிறது. மேலே காய்ந்த வைக்கோல் பரப்பி அழகாக இருக்கும், அடியில் கையை விட்டால் சூடும் நாற்றமும். அந்த ஈரத்தை அன்றன்றைக்கு வாரி வெளியே போட்டுவிட வேண்டும். ஒரு பெரிய குதிரை ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ வரை லத்தி போடும். நம் ஊர் வெயிலில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை சுத்தம் செய்கிறவர் ஈ வளர்க்கிறார் என்றுதான் நான் சொல்வேன். வாரிய லத்தியை வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிடலாம். இல்லையென்றால் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடலாம், உள்ளே ஏறும் சூட்டில் புழு தாங்காது. அப்புறம் நாட்டுக்கோழி. லாயத்துக்குள் திறந்துவிட்டால் கிளறிக் கிளறிப் புழுவைப் பொறுக்கித் தின்னும். அதற்குச் சம்பளம் கிடையாது.

சென்னையிலிருந்து, கடற்கரையில் குதிரை ஓட்டுபவர்

அண்ணே, மணலில் கடல்காற்று அடிக்கிற வரைக்கும் எங்களுக்கு ஈத் தொல்லை பெரிதாக இல்லை. கொட்டகைக்குத் திரும்பினால்தான். பெரிய ஸ்டாண்டு ஃபேன் ஒன்று வைத்த பிறகு பாதிக்குப் பாதி குறைந்தது, ஈக்கும் கொசுவுக்கும் எதிர்க்காற்றில் பறந்து உட்காரத் தெம்பு இல்லை. ஒயரை மட்டும் குதிரை கடிக்காத உயரத்தில் கட்டுங்கள். நெற்றிப்பட்டையில் தொங்கும் குஞ்சத்தை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தலையை ஆட்டும்போது கண்ணில் ஈயை உட்காரவிடாமல் செய்வது அதுதான். அழகுக்காக வாலைக் கத்தரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வாலை வெட்டினால் அது எதைக் கொண்டு ஈயை ஓட்டும்?

கோபி பக்கத்திலிருந்து

எங்கள் தோட்டம் வாய்க்கால் கரையில். லாயம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பகலில் பெரிய ஈ ஒன்று வந்து முதுகில் கடிக்கிறது, கடித்த இடத்தில் ரத்தம் சொட்டாக நிற்கிறது. வெல்லத் தண்ணீர் ஊற்றிய பாட்டில் கட்டிப் பார்த்தேன், அதில் வீட்டு ஈதான் விழுகிறது.

பல்லடம் பக்கத்திலிருந்து

தம்பி, ரத்தம் குடிக்க வந்தவனுக்கு வெல்லம் எதற்கு? நீங்கள் சொல்வது குதிரை ஈ. மாட்டையும் விடாது. இதில் பெண் மட்டும்தான் கடிக்கும். ஊசி போடுவது இல்லை, கத்திரிபோல வெட்டி, கசியும் ரத்தத்தை நக்கும். வளர்வது நீர்க்கரைச் சேற்றில், அதனால் லாயத்தை எவ்வளவு கூட்டினாலும் குறையாது. ஆனால் அதற்கு வெயில் வேண்டும், இருட்டான லாயத்துக்குள் நுழைய யோசிக்கும். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை உள்ளே கட்டிவிட்டு, மேய்ச்சலை விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

ஈரோட்டிலிருந்து

வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். குதிரை ஈக்குக் கருப்பும் செவலையும்தான் பிடிக்கும். கருத்த உடம்பில் பட்டுத் திரும்பும் ஒளி அதை இழுக்கிறது என்று ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சிரிக்க வைத்துவிட்டு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2016-ல் அவர்களுக்குக் கிடைத்தது. 2019-ல் இங்கிலாந்தில் குதிரைகளுக்கு வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட போர்வை போர்த்திப் பார்த்தார்கள். ஒரே நிறப் போர்வையைவிட அதன்மேல் ஈ உட்காருவது நன்றாகக் குறைந்தது. போர்வை மூடாத தலையில் மட்டும் வழக்கம்போல மொய்த்தது.

நானும் வெள்ளைத் துணியில் கருப்புக் கோடு அடித்துப் போர்த்தினேன். ஈ குறைந்தது, தெருப்பிள்ளைகள் கூட்டம் கூடிவிட்டது. அந்தியூர்ச் சந்தையில் சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம். வாய்க்கால் ஓரத்துக்காரர்கள் நிறத்தையும் கொஞ்சம் பார்த்து வாங்கலாம்.

கால்நடை மருத்துவர் ஒருவர்

மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்த மருந்தையே குதிரைக்கும் அடிக்கிறார்கள். அதில் அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி இருந்தால் குதிரைக்கு ஆகவே ஆகாது. குடல் ஓட்டம் நின்று வயிறு உப்பி, கீழே விழுந்து புரண்ட குதிரை ஒன்றுக்கு ராத்திரி முழுக்க வைத்தியம் பார்த்திருக்கிறேன். பாட்டிலில் என்ன இருக்கிறது, குதிரைக்கு என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுத் தொடுங்கள். பெர்மெத்ரின் கலந்த குதிரை ஸ்பிரே பரவாயில்லை, ஆனால் லாயத்தில் பூனை இருந்தால் ஜாக்கிரதை, அதற்கு அது விஷம். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவலாம், முதலில் கொஞ்சம் இடத்தில் தடவித் தோல் தடிக்கிறதா பாருங்கள். வேப்பிலை, நொச்சி மூட்டம் போடுகிறவர்கள் லாயத்துக்கு வெளியே போடுங்கள். குதிரையின் நுரையீரல் புகையைத் தாங்காது.

என் பெரிய பயம் கடி இல்லை, ஈ கடித்துப் பரவும் சர்ரா என்ற ரத்த நோய். 1880-ல் அன்றைய பஞ்சாபில் ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் குதிரை, ஒட்டக ரத்தத்தில் இதன் கிருமியைக் கண்டார். குதிரை ஈ ஒரு பிராணியைக் கடித்துவிட்டுப் பாதியில் விரட்டப்பட்டு இன்னொரு பிராணியைக் கடிக்கும்போது, வாயில் ஒட்டிய ரத்தத்தோடு கிருமியும் போய்ச்சேரும். மாடு, எருமைக்குப் பெரும்பாலும் வெளியே தெரியாது. குதிரைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், நன்றாகத் தின்றும் இளைக்கும், காலும் அடிவயிறும் வீங்கும், நடை தள்ளாடும். சும்மா விட்டால் செத்துப்போகும். ஆகவே எருமைக் கொட்டகையை ஒட்டிக் குதிரையைக் கட்டாதீர்கள். காய்ச்சல் வந்தால் உடனே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், குயினாபிரமின் ஊசி இருக்கிறது.

சேணம் உரசிய புண்ணையும் திறந்து விடாதீர்கள். ஈ அதில் ஒருவகைப் புழுவை இறக்கிவிட்டுப் போகும், கோடை முழுக்க ஆறாது.

கோபி பக்கத்திலிருந்து

ஐயா, நன்றி. முன்னங்கால் முடியில் மஞ்சளாகக் கடுகைவிடச் சிறியதாக ஏதோ வரிசையாக ஒட்டியிருக்கிறது. தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போகவில்லை. இதுவும் ஈயா?

கால்நடை மருத்துவர் ஒருவர்

ஈயின் முட்டைதான், ஆனால் இது கடிக்காத ஈ. குதிரை காலை நக்கும்போது வாய்க்குள் போய், புழு இரைப்பையில் மாதக்கணக்கில் தொங்கும். சோப்புக்கு வராது. மழுங்கிய கத்தியை முடியின் போக்கில் இழுத்துச் சுரண்டுங்கள். சுரண்டியது தீவனத் தொட்டியில் விழாமல் வெளியே நிறுத்திச் செய்யுங்கள். உள்ளே போனதற்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து உண்டு, எடைக்குத் தகுந்த அளவைப் பக்கத்து மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.