மறு: பாலிப்பை (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) வெட்டுமுன் அடியில் ஏற்றும் நீர்மத்துக்குத் தமிழில் என்ன?

> "சளிச்சவ்வுக் கீழ்ச்செலுத்துக் கரைசல்" எப்படி?

ஐயா, வணக்கம். பொருளில் குறை இல்லை, வாயில்தான் நுழையவில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஒப்புதல் படிவத்தோடு உட்கார்ந்திருப்பவர் இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மேலும் இது எங்கே ஏற்றுகிறோம் என்று சொல்கிறது. எதற்கு என்று சொல்லவில்லை.

தட்டையான பாலிப்பை அப்படியே சுருக்குக்கம்பி போட்டு இறுக்கினால் அடியிலுள்ள தசையும் சேர்ந்து வந்து குடலில் ஓட்டை விழலாம். அதனால் குடலின் உட்படலமான சளிச்சவ்வுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள தளர்வான அடுக்கில் ஊசியால் நீர்மம் ஏற்றுகிறார்கள். பாலிப் மேலே எழும், தசை கீழேயே நிற்கும். இண்டிகோ கார்மைன் கலந்தால் நடு அடுக்கு நீலமாகிவிடும்; தசை அந்தச் சாயத்தைப் பிடிக்காது. வெட்டிய இடத்தில் நீலத்துக்கு நடுவே வெள்ளை வட்டம் தெரிந்தால் தசையும் வெட்டுப்பட்டிருக்கிறது, உடனே கிளிப் போட்டு மூட வேண்டும்.

நீர்மங்களை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது அந்த மேடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான். 0.9% உப்புநீர் மலிவு, எல்லா வார்டிலும் இருக்கும். ஆனால் சில நிமிடங்களில் திசுவுக்குள் பரவி மேடு அமுங்கிவிடும், திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். ஹையலுரானிக் அமிலம் நெடுநேரம் நிற்கும், விலைதான் இடிக்கும். ஜெலட்டின், ஸ்டார்ச், கிளிசரால் கரைசல்கள் இடைப்பட்டவை. செறிவான டெக்ஸ்ட்ரோஸும் மேட்டைத் தாங்கும், ஆனால் திசுவைப் புண்ணாக்கும்.

ஆக, தாங்கி நிற்பதுதான் இதன் வேலை. என் பரிந்துரை: ஏந்துநீர்மம். மேடு நிற்கும் நேரம் 'ஏந்துநேரம்'. இந்த மடல் இழையில் முன்பு வந்த 'உப்பவைக்கும் நீர்' உப்புநீரோடு குழம்பும். 'தூக்குநீர்' வேண்டவே வேண்டாம். படிவத்தில் தூக்கு என்று இருந்தால் யார் கையெழுத்துப் போடுவார்?

---

> என் பரிந்துரை: ஏந்துநீர்மம்

சரி அம்மா, என்னுடையதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். நீர்மம் ஏற்றியும் சில பாலிப் எழாது; புற்று ஆழமாக இறங்கியிருக்கலாம், அல்லது முன்பு பயாப்ஸி எடுத்த தழும்பு பிடித்திருக்கலாம். அதை 'ஏந்தாமை' என்றால் குறை நீர்மத்தின் மேல் விழும். எழாதது பாலிப் அல்லவா? அதற்கு 'எழாக்குறி' என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம், சளிச்சவ்வா சளிப்படலமா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.